நம் ஆட்டக்காரர்களைக் கொல்கத்தா நினைவில் வைத்திருக்கிறது

சங்கரன்கோவிலில் மான்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்டிருக்கும் ஒரு கல்லூரி மாணவரிடம் டங்கன் எட்வர்ட்ஸ் யார் என்று கேட்டால் சரியான பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு. 1958 பிப்ரவரி 6 அன்று மூனிக் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் 23 பேர் இறந்தார்கள், அவர்களில் எட்டுப் பேர் அந்த கிளப்பின் ஆட்டக்காரர்கள், எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் மருத்துவமனையில் உயிருக்குப் போராடி 21 வயதில் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் தீவிர ரசிகர்களுக்கு மனப்பாடம். அதே 1958இல், நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1888இல் தொடங்கிய டூரண்ட், ஆசியாவிலேயே மிகப் பழைய கால்பந்துப் போட்டி. அதை வெலிங்டன் அணி 1955இல் ஒருமுறை வென்றிருந்தது, இது இரண்டாவது. அந்த அணிக்காகக் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று அதே ஆண்டில் அவர் பாராட்டப்பட்டார். மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் போனவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர், 1967இல் அர்ஜுனா விருது பெற்றவர். அந்த மாணவரிடம் தங்கராஜைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இதற்காக அவரைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பதுதான். ஆனால் அது தவறான முகவரிக்கு அனுப்பும் புகார். மூனிக் விபத்தின்போது அவருடைய தாத்தாவே சிறுவனாக இருந்திருப்பார். கண்ணால் காணாத, கடல் கடந்த ஓர் ஊரின் ஆட்டக்காரனை அவர் தெரிந்து வைத்திருக்கிறார் என்றால், நினைவில் வைக்கும் திறனில் அவருக்குக் குறை ஏதும் இல்லை. ஒரு தரப்பு அந்த நினைவை அவர் கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. இன்னொரு தரப்பு கொடுக்கவில்லை. அந்த இன்னொரு தரப்பு யார் என்பதுதான் கேள்வி.

பழைய ஆட்டக்காரர்கள் நினைவில் நிற்பது அவர்களுடைய திறமையால் என்றுதான் நாம் நம்புகிறோம். மகத்தானவன் மறக்கப்பட மாட்டான் என்று மேடைகளில் பேசுவதும் அதனால்தான். கால்பந்து வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இத்தாலியின் டூரின் நகரில் டொரினோ கிளப்பின் விமானம் 1949 மே 4 அன்று சுபெர்கா குன்றின் மேல் மோதி 31 பேர் மாண்டார்கள். அன்றைய இத்தாலியின் தலைசிறந்த அணி மொத்தமாக அழிந்தது. இன்றுவரை ஒவ்வொரு மே 4 அன்றும் ரசிகர்கள் அந்தக் குன்றில் ஏறுகிறார்கள். கிளப்பின் அந்த ஆண்டுக் கேப்டன் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். கேப்டன்கள் மாறுகிறார்கள், ரசிகர்களின் தலைமுறைகள் மாறுகின்றன, கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியும் ஏறியும் இருக்கிறது; பெயர்ப் பட்டியல் மாறுவதில்லை. அங்கே ஒரு தேதி இருக்கிறது. போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. அந்தத் தேதியில் அந்த இடத்துக்கு மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போவதைத் தங்கள் கடமையாக நினைக்கும் கூட்டம் இருக்கிறது. நேப்பிள்ஸ் நகரம் மாரடோனா இறந்த பத்துப் பதினைந்து நாளுக்குள் தன் விளையாட்டரங்கத்துக்கே அவர் பெயரை வைத்தது. சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு இது புதிய செய்தியாக இருக்காது. நெற்கட்டும்செவல் புலித்தேவர் சங்கரநாராயணர் கோயிலுக்குள் போய் மறைந்தார் என்பது இந்தப் பக்கத்து வழக்கு. அதற்கு ஆவணம் உண்டா என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கலாம். ஆனால் கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கைகாட்ட ஓர் இடம் இருப்பதால், அந்தப் பேச்சு இருநூற்றைம்பது ஆண்டுகளாக அறுபடாமல் வந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் இந்த வேலையைத் தெரிந்து செய்த ஊர் கொல்கத்தா. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அணி அது. எதிரே பூட்ஸ் அணிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இதுபோன்ற வெற்றி எந்த ஊரிலும் கொஞ்ச காலம் பேசப்பட்டு மங்கிப்போகும். மோகன் பகான் ரசிகர்கள் மங்க விடவில்லை. ஜூலை 29 மோகன் பகான் நாள். அன்று கிளப், பெரும்பாலும் தன் பழைய ஆட்டக்காரர் ஒருவருக்கு, மோகன் பகான் ரத்னா விருது வழங்குகிறது. 2001இல் தொடங்கிய அந்த வரிசையில் முதல் பெயர் சைலன் மன்னா. கோஷ்டோ பாலுக்குக் கொல்கத்தா மைதானப் பகுதியில் சிலை இருக்கிறது, அவர் பெயரில் அஞ்சல் தலையும் வந்திருக்கிறது. எதிர்முகாமான கிழக்கு வங்காளம் கிளப்பின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1949 முதல் 1953 வரை அந்த கிளப்பின் முன்வரிசையில் ஆடிய ஐவரை அதன் ரசிகர்கள் பஞ்ச பாண்டவர்கள் என்று அழைத்தார்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தெற்கிலிருந்து போனவர்கள். பெங்களூரும் ஆந்திரக் கடற்கரையும் கேரளமும் கொடுத்த ஆட்டக்காரர்கள். தேசப் பிரிவினையில் ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்த கிழக்கு வங்கத்து மக்கள், தங்கள் மொழி தெரியாத இந்த ஐந்து பேரை மகாபாரதத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். 1949, 1950, 1951 என்று தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் அந்த அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த ஐந்து பெயர்களை வரிசையாகச் சொல்லும் ரசிகர்கள் அங்கே இருக்கிறார்கள். தங்கராஜும் இதே நகரத்தின் நினைவில்தான் வாழ்கிறார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், கிழக்கு வங்காளம் ஆகிய மூன்று பெரிய கிளப்களுக்கும் அவர் கோல் காத்தார். இந்தப் பட்டியல் முடிந்துபோன பட்டியலும் அல்ல. 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராகச் சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் அடித்த ஒரே கோல், கிழக்கு வங்காளத்தின் நான்கரை ஆண்டு டெர்பி வறட்சியை முடித்து வைத்தது. அவர் பெயர் அந்த ஊரில் இனி அழியாது. தமிழ்நாட்டில் அந்தக் கோலை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. நம்முடைய சிறந்த ஆட்டக்காரர்கள் பல பத்தாண்டுகள் அலுவலகங்களுக்காக ஆடினார்கள். ரயில்பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம், சுங்கத்துறை, வருமான வரித்துறை, இந்தியன் வங்கி என்று சென்னை லீக்கின் அணிப் பட்டியலைப் பார்த்தால் வேலைவாய்ப்புச் செய்தித்தாள் போலத்தான் இருக்கும். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. வறுமையிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசு வேலை, கொல்கத்தா ரசிகனின் கைதட்டலைவிடப் பெரியது. ஓய்வூதியம் வரைக்கும் உத்தரவாதம் இருந்தது. ஆனால் ஓர் அலுவலக அணிக்கு யார் ரசிகர்? சுங்கத்துறைக்காகத் தொண்டை கிழியக் கத்தும் குடும்பத்தை நினைத்துப் பார்க்கவே சிரமம். அணி நன்றாக ஆடினால் பார்த்துவிட்டுப் போவார்கள். தகப்பன் மகனுக்குச் சொத்துப்போல விட்டுப் போவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அலுவலகம் ஆள் எடுப்பதை நிறுத்தினால் அணி கலையும்; அணி கலைந்தால் அதன் ஆட்டக்காரர்கள் ஓய்வுபெற்ற ஊழியர்கள், அவ்வளவுதான். இந்தியன் வங்கி அணி தேசிய கால்பந்து லீக்கிலேயே ஆடியது. சபீர் பாஷா போன்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் அதில் புகழ்பெற்றார்கள். 1997-98 தேசிய லீக்கில் நாட்டிலேயே அதிகமாக, 10 கோல்கள் அடித்தவர் நம்மூர் ராமன் விஜயன். அந்தக் கோல்களை அவர் கொச்சி கிளப்புக்காக அடித்தார்.

இதில் எல்லாவற்றையும்விட உறுத்துவது வி.பி. சத்யனின் கதை. இந்திய அணியின் கேப்டன். 1992இல் கேரளத்துக்கு மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை வென்று கொடுத்த கேப்டன். கேரள போலீஸ் அணி 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது அதன் தூண்களில் ஒருவர். பின்னாளில் அவர் இந்தியன் வங்கியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார், இங்கேயே வாழ்ந்தார், 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் ரயில் தண்டவாளத்தில் இறந்தார். அவருடைய வாழ்க்கையைக் கேரளம் 2018இல் ‘கேப்டன்’ என்று திரைப்படமாக எடுத்தது, ஜெயசூர்யா நடித்தார். அவர் வேலை பார்த்து, வாழ்ந்து, இறந்த சென்னையில் அவருக்கென்று ஒரு சடங்கும் வளரவில்லை. நாமும் கால்பந்துப் படம் எடுக்காமல் இல்லை. ‘பிகில்’ 2019இல் தமிழ்நாடு முழுக்க ஓடியது. அதில் வரும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் கற்பனை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தியா கண்ட மிகச் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவரான ஐ.எம். விஜயனைத் தமிழ் ரசிகர்களுக்கு நன்றாகவே தெரியும், ‘திமிரு’ படத்தில் வரும் அடியாளாக.

பாதுகாவலர் இல்லாத நினைவுக்கு என்ன நேரும் என்பதற்கு ஒலிம்பிக் பதிவேட்டிலேயே சான்று இருக்கிறது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக ஆடியது 1960 ரோமில். கடைசி ஆட்டம் பெரு அணியோடு. இந்தியா 1-3 என்று தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தர்ராஜ் என்று நம் செய்தித்தாள்கள் காலங்காலமாக எழுதி வருகின்றன. ஒலிம்பிக்கில் கடைசியாகக் கோல் போட்ட இந்தியர் என்பதே அவருடைய அடையாளம். ஆனால் பல புள்ளிவிவரப் பதிவுகளில் அதே கோல் செகந்தராபாத்தின் துளசிதாஸ் பலராம் பெயரில் இருக்கிறது. ஒரு கோலுக்கு இரண்டு உரிமையாளர்கள். இதுவே இங்கிலாந்துக் கிளப் ஒன்றின் கோலாக இருந்தால், யார் எங்கிருந்து பந்தைக் கொடுத்தார், எந்தக் காலால் அடித்தார், பந்து எந்த மூலைக்குப் போனது என்று ரசிகர்களே ஆய்வு நடத்தித் தீர்த்திருப்பார்கள். நம்மிடம் ஒரு நாட்டின் கடைசி ஒலிம்பிக் கோலுக்கே கணக்குச் சரியில்லை. சைமன் சுந்தர்ராஜைப் பற்றி எந்தக் குழப்பமும் இல்லாத இன்னொரு தகவல் உண்டு. 1973இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் அவர்தான். எர்ணாகுளத்தில் ரயில்வே அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கேப்டன் மணி மூன்று கோல் அடித்தார். கேரளக் கால்பந்துப் பேச்சில் அந்த ஆட்டம் இன்றும் தவறாமல் வரும். தமிழ்நாட்டின் ஆண்கள் அணி இதுவரை ஒருமுறைகூடச் சந்தோஷ் கோப்பையை வென்றதில்லை என்பதை இதோடு சேர்த்துப் படித்தால், நம் பயிற்சியாளரின் பெயர் அடுத்த மாநிலத்தில் ஏன் கூடுதலாக ஒலிக்கிறது என்பது புரியும்.

கிளப் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னை சிட்டி கிளப் 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. அந்தப் பருவத்தில் ஸ்பெயின்காரர் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் பிள்ளைகளும் அணியில் இருந்தார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைப் பறிகொடுத்தது கிழக்கு வங்காளம். தமிழ்நாட்டுக்கு வந்த முதல் ஐ-லீக் பட்டம் அது. 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த கிளப்பைக் காணோம். இன்று மார்ச் 9 என்றால் கோவையில் யாருக்கும் ஒன்றும் தோன்றாது; தோற்றுப்போன கொல்கத்தா ரசிகர்களுக்குத்தான் இன்னும் வலிக்கும். முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடியதும் கிளப் போய்விட்டால், அங்கே கிளப் என்ற பெயரில் இருந்தது ஒரு நிறுவனம் மட்டுமே. இதற்கு மறுபக்கம் கொல்கத்தாவிலேயே இருக்கிறது. ஏ.டி.கே. என்ற அணி 2014, 2016, 2019-20 என்று மூன்றுமுறை ஐ.எஸ்.எல். பட்டம் வென்றது. மூன்றாவது பட்டத்தில் நம் குமரிக் கடற்கரையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜுக்கும் பங்கு உண்டு. 2020இல் அந்த அணி மோகன் பகானோடு இணைக்கப்பட்டது. மூன்று பட்டம் வென்ற பெயர் தங்கள் கிளப்பின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதை மோகன் பகான் ரசிகர்கள் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை எடுத்தே ஆக வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் விடாமல் போராடினார்கள். 2023இல் உரிமையாளர் இறங்கி வந்து ஏ.டி.கே. என்ற முன்னொட்டை நீக்கினார். மூன்று பட்டங்களைவிட 1911ஆம் ஆண்டின் ஒரு கேடயம் அவர்களுக்குக் கனமாக இருந்தது. பணம் போட்டவர் கையில் அணி இருந்தது, பெயர் ரசிகர்கள் கையில் இருந்தது.

இன்னோர் எதிர்ப்பு, இதெல்லாம் பழம்பெருமை என்பது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துக்கொண்டு பொற்காலம் என்று புலம்புவதால் இன்றைய பையனுக்கு ஒரு பந்துகூடக் கிடைக்காது என்கிறார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதைகளில் மிகை அதிகம். 1956 மெல்போர்னில் நான்காம் இடம் வந்தோம் என்கிறோம். முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் ஆடாமலே தாண்டினோம் என்பதைச் சொல்வதில்லை. 1962இல் ஜகார்த்தாவில் தங்கம் வென்றோம் என்கிறோம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்ததைச் சேர்ப்பதில்லை. ஆனால் பொறுப்பாக நினைவில் வைக்கும் கூட்டம் இல்லாததால்தான் இந்த மிகை வளர்கிறது. காலி இடத்தில் கட்டுக்கதை குடியேறும். வெறுங்காலோடு ஆட அனுமதிக்காததால் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்ற கதை எப்படிப் பரவியது என்று பாருங்கள். நீண்ட பயணமும், ஒலிம்பிக்கைவிட உலகக் கோப்பையைக் குறைவாக மதித்த அன்றைய நிர்வாகத்தின் மனப்போக்கும்தான் பெரிய காரணங்கள் என்று ஆய்வாளர்கள் எழுதிய பிறகும் அந்தக் கதை சாகவில்லை. ஹங்கேரி வராததைச் சொன்ன பிறகும், அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்ததும், நெவில் டிசோசா மூன்று கோல் அடித்ததும் அப்படியே நிற்கின்றன. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றதை எந்த விசாவும் குறைக்காது. உண்மையைச் சொல்லிப் பாராட்டினால் பாராட்டு வலுக்கும். அதோடு, இன்றைய பையனுக்கும் பழைய பெயருக்கும் தொடர்பில்லை என்பதும் சரியல்ல. குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரக் கடற்கரைக் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்கள் கிளம்பி வருவதற்கு அங்கே பெரிய அகாடமிகள் காரணமல்ல. மாலையில் மணலில் ஆடும் சிறுவனுக்குத் தெருவில் நடந்துபோகும் முன்னாள் ஆட்டக்காரரைத் தெரிந்திருக்கிறது. அவர் ஆடிய இடத்துக்குத் தானும் போகலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது.

தங்கராஜ் ஐதராபாத்தில் பிறந்தவர், சத்யன் கண்ணூர்க்காரர், இவர்களை நம்மவர்கள் என்று எப்படிச் சொல்வது என்றும் ஒரு கேள்வி வரும். கால்பந்தில் இது தேவையற்ற கவலை. பஞ்ச பாண்டவர்களின் பிறப்புச் சான்றிதழைக் கொல்கத்தா கேட்கவில்லை. நேப்பிள்ஸ், மாரடோனாவை அர்ஜென்டினாக்காரர் என்று தள்ளி வைக்கவில்லை. எந்தச் சட்டையைப் போட்டு ஆடினான் என்பதே ரசிகனின் கணக்கு. வெலிங்டனின் சட்டையை அணிந்து கோப்பை வென்றவர் நீலகிரிக்குச் சொந்தம், சென்னை வங்கியின் சட்டையை அணிந்தவர் சென்னைக்குச் சொந்தம். பெயரை வைத்து இனம் பார்த்து, இவர் தமிழர் அவர் தமிழர் என்று பட்டியல் போடுவது ரசிகர்களின் வேலை அல்ல. அதைச் செய்யத் தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

ரசிகர் கூட்டம் சேர்ந்தால் சண்டை வரும் என்று அஞ்சுகிறவர்களுக்குச் சங்கரன்கோவிலின் தலபுராணமே பதில் சொல்லும். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் மோதிக்கொண்டதும், இருவரும் ஒருவரே என்று காட்டக் கோமதி அம்மன் தவமிருந்ததும்தான் இங்கே நடக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அடிப்படை. கட்சி கட்டுவது மனித இயல்பு, கால்பந்து அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஆபத்து உண்மையானது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் மோகன் பகானும் கிழக்கு வங்காளமும் மோதிய ஆட்டத்தில் கலவரம் மூண்டு 16 ரசிகர்கள் இறந்தார்கள். கொல்கத்தா அந்த அவமானத்தை மறைக்கவில்லை. ஆகஸ்ட் 16ஐக் கால்பந்து ரசிகர்கள் நாளாக்கி, அன்று ரத்த தானம் செய்கிறது. நடிகர்களின் பிறந்தநாளுக்கு ரத்த தான முகாம் நடத்துவதில் தமிழ்நாட்டு ரசிகர் மன்றங்களுக்கு இணை இந்தியாவில் இல்லை. இறந்து பல பத்தாண்டுகள் ஆன எம்.ஜி.ஆரின் படம் மறுபடி திரைக்கு வந்தால் தட்டி வைத்து மாலை போடத் தெரிந்த மக்கள் நாம். அமைப்பு கட்டுவது, தேதி தவறாமல் கூடுவது, கைக்காசு போட்டுச் செலவு செய்வது ஆகிய எல்லாம் நமக்குப் பழக்கம். இதைக் கால்பந்துக்குச் செய்யும் கூட்டம் இப்போது சென்னையில் உருவாகியும் இருக்கிறது. சென்னையின் எஃப்.சி. 2014இல் பிறந்து, 2015இலும் 2017-18இலும் ஐ.எஸ்.எல். பட்டம் வென்றது. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் என்ற ரசிகர் குழுக்கள் அதற்கு இருக்கின்றன. எலானோவையும் மென்டோசாவையும் ஜெஜேவையும் அவர்கள் மறக்க மாட்டார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கிளப்பின் வயது பத்துக்குச் சற்று மேல், உங்கள் ஊரின் கால்பந்துக்கு நூறு ஆண்டுக்கு மேல். அந்த மீதி ஆண்டுகளுக்கும் வேறு வாரிசு இல்லை. ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கும் இந்தியன் வங்கிக்கும் ஆடியவர்களை ஆண்டுக்கு ஒருமுறை மைதானத்துக்கு அழைத்து, அவர்கள் பெயர் சொல்லிக் கைதட்டுவதற்குப் பெரிய செலவு இல்லை.

சங்கரன்கோவில் போன்ற ஊர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இது கால்பந்துக்குப் பேர்போன ஊர் அல்ல. விசைத்தறி, பூச்சந்தை, ஆடித்தபசு என்றுதான் வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஆனால் தென்மாவட்டங்களின் சுவர்களைப் பார்த்தால் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு போட்டிக்குச் சுவரொட்டி இருக்கும்: மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி, எழுவர் கால்பந்துப் போட்டி, கைப்பந்துப் போட்டி. கீழே அமரர் இன்னார் நினைவுச் சுழற்கோப்பை என்று ஒரு பெயர். அந்தப் பெயர் பெரும்பாலும் பரிசுத்தொகை கொடுத்தவரின் தகப்பனாருடையதோ கட்சிக்காரருடையதோ ஆக இருக்கும். கொடுத்தவர் பெயர் போடுவதில் தவறில்லை, பணமில்லாமல் போட்டி நடக்காது. முதல் பரிசுக்குப் புரவலர் பெயர் இருக்கட்டும். சிறந்த கோல் கீப்பர், சிறந்த முன்வரிசை ஆட்டக்காரர், சிறந்த தடுப்பாளர் என்று கொடுக்கும் சின்னக் கோப்பைகளுக்காவது அந்தந்த இடத்தில் ஆடி முத்திரை பதித்த ஒருவரின் பெயரை வையுங்கள். கூடவே அவர் யார் என்று சுவரொட்டியில் இரண்டு வரி. மாவட்டக் கால்பந்துக் கழகங்கள் தங்கள் பழைய ஆட்டப் பதிவுகளையும், அணிப் படங்களையும் தேடிச் சேர்க்கலாம். எழுபது, எண்பது வயதில் இருக்கும் ஆட்டக்காரர்களை உட்கார வைத்துப் பேச வைத்துப் பதிவு செய்யலாம். இதற்கு அரசு ஆணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அரசு விளையாட்டரங்கம் கட்டும், அரசியல் தலைவர் பெயர் வைக்கும். நினைவைச் சுமந்து திரிவது அதன் துறை அல்ல.

பெண்கள் கால்பந்தில் இந்தத் தவறைத் தொடக்கத்திலேயே தவிர்க்க இப்போது வாய்ப்பு இருக்கிறது. ஆண்கள் வெல்லாததைத் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் வென்றது. தேசிய சாம்பியன்ஷிப் இரண்டுமுறை இங்கே வந்திருக்கிறது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைத் தெற்குக்குக் கொண்டுவந்தது. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக வேலை பார்த்தார். இவர்களுடைய ஆட்டங்கள் முழுவதும் ஒளிப்பதிவாக இருக்கின்றன, ஆட்டக்காரர்கள் பலர் இன்னும் களத்தில் இருக்கிறார்கள். ஒரு கோலை யார் அடித்தார் என்று அறுபது ஆண்டு கழித்து யாரும் தடுமாற வேண்டியதில்லை. மதுரையிலும் கடலூரிலும் இருக்கும் கால்பந்து ரசிகர்கள் வரும் மே மாதத்திலேயே ஒரு மாலை கூடி, இந்த ஆட்டக்காரர்களை மேடையேற்றி இந்த வழக்கத்தைத் தொடங்கி வைக்க வேண்டும்.